இலை நுனியே கை: வேலியோரத்துக் கண்வலிக்கிழங்கு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திருவண்ணாமலைப் பக்கத்து வேலிகளில் தீ பற்றியதுபோல ஒரு பூ தெரியும். மலையில் தீபம் ஏற்றும் காலமும் அதுதான். அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக, ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். செங்காந்தள், கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்வார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான். குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட பூப்பட்டியலில் முதலில் நிற்பதும் காந்தள்தான். ஆனாலும் வேலி வெட்டுகிறவருக்கு எப்போதும் ஒரே சந்தேகம்: இதை வெட்டுவதா, விடுவதா?

முதலில் இது ஏறும் விதத்தைப் பார்ப்போம். அவரை தன் தண்டாலேயே கொம்பைச் சுற்றும். பாகலுக்கும் பீர்க்குக்கும் இலைக் காம்பின் அருகிலிருந்து தனியாகப் பற்றுக்கம்பி கிளம்பும். காந்தளுக்கு அப்படித் தனிக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு, மெலிந்து, கொக்கிபோல வளையும். பக்கத்தில் இருக்கும் குச்சியில் பட்டதும், பட்ட பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் வளர்வதால் சுருண்டு பிடித்துக்கொள்ளும். அடி இலைகளில் பெரும்பாலும் இந்தச் சுருள் இருக்காது. செடி உயர்ந்து, தாங்கல் தேவைப்படும் இடத்திலிருந்துதான் இலைக்குக் கை முளைக்கிறது.

இதில் பயிரிடுகிறவருக்கு ஒரு பாடம் உண்டு. இலை நுனி சிறியது. பருத்த கம்பத்தை அதனால் சுற்ற முடியாது. சிம்புகள் நிறைந்த முள்செடியோ மெல்லிய கம்பிப் பந்தலோதான் தோதாக இருக்கும். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விதைக்காகவே இதை வயலில் வளர்க்கிறார்கள். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி விலகி நிற்பதால், தன் மகரந்தம் தன்மேல் விழுவது குறைவு. அதனால் காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைப்பார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், பெருவிரல் மூட்டு வீங்கி வலிக்கும் யூரிக் அமில வாதத்துக்கு மருந்து. விதையில்லாத் தர்பூசணி ரகங்களை உருவாக்கியதிலும் அதற்குப் பங்கு உண்டு. விலை நிலையில்லாதது, வாங்க ஆள் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் நடவு செய்யக் கூடாது.

அந்தக் கோல்ச்சிசின்தான் இதன் விஷமும். கிழங்கு, விதை, இலை எல்லாவற்றிலும் இருக்கிறது. கோடையில் கொடி காய்ந்து மறைந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும். வேலியோரம் வரப்பு வெட்டும்போதோ, வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ கிழங்கு மட்டும் வெளியே வரும். மேலே இலை, பூ எதுவும் இல்லாததால் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அடுப்பேற்றிவிடும் ஆபத்து அப்போதுதான். கலப்பைபோல இரண்டு கவையாக வளைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஒரு கவை ஒடிந்துவிட்டால் அந்த அடையாளமும் போய்விடும். பெயர் தெரியாத கிழங்கை உலையில் போடாமல் இருப்பதே பாதுகாப்பு. வேகவைத்தால் விஷம் போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

தின்ற சில மணி நேரத்தில் வாய், தொண்டை எரிச்சல், வாந்தி, பேதி தொடங்கும். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று கைவைத்தியம் பார்த்துக் காத்திருந்தால் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும். உயிரே போகலாம். உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். மிச்சமிருக்கும் கிழங்குத் துண்டை மறக்காமல் கையோடு எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும்.

ஆக, வெட்டுவதா, விடுவதா? குழந்தைகள் விளையாடும் இடத்திலும், ஆடு மாடு மேயும் இடத்திலும் வேண்டாம். பூத்திருக்கும்போதே இடத்தை அடையாளம் வைத்து, கிழங்கை முழுதாகத் தோண்டி அப்புறப்படுத்தலாம். ஆள் நடமாட்டம் இல்லாத முள்வேலியிலும் மலையடிவாரத்திலும் இருப்பதை விட்டுவிடலாம். காட்டுக் கிழங்கை வியாபாரத்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இந்தக் கொடி அருகிவிட்டது. இருக்கிற இடத்தை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, பூக்கும் காலத்திலேயே காட்டி வைப்பது நல்லது.