அபிராமபுரம் ஜீப்பும் அசையாத நட்டும்

அபிராமபுரத்தில் சித்தப்பா வீட்டு வாசலில் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று நிற்கிறது. 1947-ல் இந்தியாவில் பூட்ட ஆரம்பித்த வில்லிஸ் ஜீப்பின் வம்சம். வீடியோ பார்த்துவிட்டு, பிரேக் ஷூவை நானே மாற்றுகிறேன் என்று இறங்கினேன். இடது முன்சக்கர நட்டு அசையவே இல்லை. ஸ்பேனர்மேல் ஏறி மிதித்தேன். ஸ்டட் முறிந்தது.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. கழற்றிய இன்ஜின், கதவு, ஸ்டீயரிங் என்று தெருவே பழைய வண்டிகளின் உதிரி பாகம்தான். முறிந்த துண்டைப் பார்த்ததும் கடைப் பெரியவர் சிரித்தார். "இடது பக்கமா தம்பி? எந்தப் பக்கம் திருப்பின?"

இந்த வகைப் பழைய ஜீப்பில் இடது சக்கரங்களுக்கு இடதுமரை. ஓட்டத்தில் நட்டு தானாகக் கழலக் கூடாது என்பதற்காக அப்படி. கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். நானோ அரைமணி நேரம் இறுக்கியிருக்கிறேன்!

வீடு திரும்பி, மீதி நாலு ஸ்டட்டையும் தேய்த்துப் பார்த்தேன். துருவுக்கு அடியில், நுனியில் 'எல்' என்று பொறித்திருந்தது.