கொக்கி ஏறும் முன்

இரண்டு டன் எடையுள்ள இரும்புப் பெட்டியை, கொக்கியிலிருந்து தொங்கும் இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்கினால் ஒரு காலுக்கு எவ்வளவு பாரம் வரும்? துவாக்குடிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் புதிதாகச் சேரும் பையன்களிடம் மூத்த ரிக்கர், அதாவது சுமை கட்டித் தூக்குபவர், கேட்கும் முதல் கேள்வி இது. ‘ஒரு டன்’ என்று சட்டெனச் சொல்பவனை அன்றைக்குக் கொக்கிப் பக்கம் விடமாட்டார். ‘எந்தக் கோணத்துலண்ணே?’ என்று திருப்பிக் கேட்பவன் தேறிவிட்டான்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் துவாக்குடியைத் தாண்டும்போது இருபுறமும் தகரக் கூரைப் பட்டறைகள் தெரியும். பெல் கொதிகலன் ஆலையை அண்டி வளர்ந்தவை அவை. நல்ல காலமும் பார்த்திருக்கின்றன, ஆர்டர் இல்லாமல் ஷட்டரை இறக்கிய காலமும் பார்த்திருக்கின்றன. நான் போன பட்டறையில் கொதிகலனுக்கான டக்ட், தூண், உத்தரம் எல்லாம் செய்கிறார்கள். உள்ளே தலைக்கு மேல் ஓடும் பத்து டன் கிரேன். வெளியே யார்டில் ஹைட்ரா என்னும் நடமாடும் கிரேன் ஒன்று. வெல்டரின் பொறி பறப்பதைப் பார்க்க எல்லோருக்கும் பிடிக்கும், பத்திரிகைப் படங்களிலும் அதுதான் வரும். செய்த பொருளை அங்கிருந்து நகர்த்தும் ஆட்களை யாரும் படம் எடுப்பதில்லை. நான் அவர்களைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

மூத்த ரிக்கரை எல்லோரும் மேஸ்திரி என்றே கூப்பிடுகிறார்கள். நெய்வேலியில் அனல்மின் நிலைய வேலையில் உதவியாளாகச் சேர்ந்து, பேப்பூரிலிருந்து வந்த கலாசிகளிடம் தொழில் கற்றவர். கேரளத்தின் அந்த மாப்பிள்ளைக் கலாசிகள் மரக்கப்பலைக் கடலுக்குத் தள்ளுவதில் பெயர் பெற்றவர்கள். 1988-இல் பெருமண் பாலத்திலிருந்து ரயில் பெட்டிகள் அஷ்டமுடிக் காயலுக்குள் விழுந்தபோது, வின்ச்சும் கப்பியும் கயிறும் கொண்டு அவற்றை மேலே எடுக்கக் கைகொடுத்தவர்களும் அவர்கள்தான். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் மேஸ்திரிக்குக் குரல் கொஞ்சம் உயர்கிறது. மற்ற நேரமெல்லாம் முணுமுணுப்புதான்.

காலையில் அவருடைய முதல் வேலை சுவரோரத்து ஸ்டாண்டில். ஸ்லிங் எல்லாம் அங்கே வரிசையாகத் தொங்குகின்றன. தரையில் போட்டால் மண் ஏறும், லாரி ஏறும், வெல்டிங் பொறி விழும். காட்டன் வேஸ்ட்டை ஒரு பிடி எடுத்து ரோப்பைச் சுற்றிப் பிடித்து நுனிவரை இழுத்துக்கொண்டே போகிறார். அறுந்த கம்பி எங்காவது துருத்திக்கொண்டிருந்தால் பஞ்சு அங்கே மாட்டி நிற்கும். வெறுங்கையால் தடவினால் கையே மாட்டும்.

எஃகு ரோப் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வடம். உள்ளே நடுவில் ஒரு திரி, அதைச் சுற்றி ஆறு புரிகள், புரிக்குப் பத்தொன்பதோ முப்பத்தாறோ கம்பிகள். முப்பத்தாறு கம்பிப் புரி என்றால் மொத்தம் 216 கம்பிகள், நடுத்திரியைக் கணக்கில் சேர்க்காமல். ஒவ்வொரு முறை வளையும்போதும் இத்தனை கம்பிகளும் ஒன்றோடொன்று வழுக்கி இடம் மாறுகின்றன. அதனால்தான் கிரீஸ் வேண்டியிருக்கிறது. உள்திரி காய்ந்துபோன ரோப் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் துருப்பிடித்துத் தேய்ந்துகொண்டே வரும்.

ஒரு புரி, வடத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவரும் நீளத்தை ‘லே’ என்கிறார்கள். 20 மி.மீ. ரோப்பில் அது ஏறக்குறைய 13 செ.மீ. அந்த நீளத்துக்குள் அங்கும் இங்குமாகப் பத்துக் கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் ஐந்து அறுந்திருந்தாலோ அந்த ஸ்லிங் கழிவு. பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு இதுதான். மேஸ்திரி சாக்பீஸால் லே நீளத்தைக் குறித்து, கம்பிகளை எண்ணி, ஒன்றை ஒதுக்கி வைத்தார். நுனியில் மடித்த கண்ணுக்குப் பக்கத்தில் ரோப் ஒருமுறை முறுக்கி நசுங்கி, பிறகு நிமிர்த்தப்பட்ட தடம் இன்னொன்றில் இருந்தது. கம்பி ஒன்றுகூட அறவில்லை. அதையும் ஒதுக்கினார். “முறுக்கு விழுந்தா அப்புறம் நிமித்தினாலும் அது பழைய ரோப் இல்ல சார்” என்றார்.

20 மி.மீ. ரோப் அறுந்துபோக ஏறக்குறைய 25 டன் இழுப்பு வேண்டும். தூக்க அனுமதியோ அதில் ஐந்தில் ஒரு பங்கு. நுனியில் கண் மடித்து அழுத்திய இடத்தில் பலம் சற்றுக் குறையும் என்பதால் தகட்டில் நாலரை டன்னுக்குள்தான் எழுதியிருக்கும். இந்த ஐந்து மடங்கு விஷயத்தில்தான் எல்லாத் தகராறும். ‘இருபத்தஞ்சு தாங்குமாமே, ஆறு டன் தூக்கினா என்ன?’ என்று கேட்காத சூப்பர்வைசர் இல்லை என்கிறார் மேஸ்திரி. சுமை சட்டெனக் குலுங்கும் அதிர்ச்சி, கூரான விளிம்பு, உள்ளே இருக்கும் துரு, தப்பாகச் சொன்ன எடை எல்லாம் சேர்ந்து தின்பதற்கென்று ஒதுக்கிய பங்கு அது.

அமெரிக்காவின் புரூக்ளின் பாலம் நிற்பதும் அந்தப் பங்கினால்தான். 1870-களின் இறுதியில் அதன் வடங்களைக் கட்டும்போது, கம்பி கொடுத்த ஒப்பந்தக்காரர் சோதனையில் தேறிய கம்பிச் சுருளை வழியிலேயே மாற்றி, கழித்த கம்பியை அனுப்பிவந்தது தெரியவந்தது. அதற்குள் கட்டிவிட்டிருந்ததைப் பிரிக்க வழியில்லை. பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் தேவையைப்போல் ஆறு மடங்கு பலத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்ததால், ஒவ்வொரு வடத்திலும் 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்க்கவைத்து வேலையைத் தொடர்ந்தார். கெட்ட கம்பி இன்றும் அந்தப் பாலத்தில்தான் இருக்கிறது.

கோணத்துக்கு வருவோம். மேஸ்திரி தரையில் சாக்பீஸால் ஒரு பெட்டியும், மேலே கொக்கியும், இரண்டு கோடுகளும் போட்டார். கால்கள் செங்குத்தாக நின்றால் இரண்டு டன்னில் ஆளுக்கு ஒரு டன். படுக்கையிலிருந்து 60 டிகிரி என்றால் காலுக்கு 1.15 டன். 45-க்கு இறங்கினால் 1.41. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு இரண்டு டன். ஸ்லிங் இரண்டு இருந்தும் பாரம் பாதியாகவில்லை. அதற்கும் கீழே போனால் கணக்கு பேய்போல ஏறும், பதினைந்து டிகிரியில் கிட்டத்தட்ட நாலு டன். சைன், கொசைன் படிக்காத பையன்களுக்கு அவர் கற்றுக்கொடுக்கும் வழி எளிது. இரண்டு தூக்குப்புள்ளிகளுக்கு நடுவில் எவ்வளவு தூரமோ, காலும் குறைந்தது அவ்வளவு நீளம் இருக்கவேண்டும். மூன்று பக்கமும் சமமான முக்கோணம். அங்கேயே அறுபது டிகிரி வந்துவிடும், டேப் மட்டும் போதும்.

பொறியியல் படித்தவர்களே மறந்துவிடும் இன்னொன்றையும் அங்கே பார்த்தேன். சாய்ந்த கால் மேலே மட்டும் இழுப்பதில்லை, உள்பக்கமாகவும் நெரிக்கிறது. 45 டிகிரியில் அந்த நெரிப்பும் ஒரு டன். தடித்த உத்தரம் தாங்கிக்கொள்ளும். அன்றைக்கு அனுப்ப வேண்டியிருந்ததோ மெல்லிய தகட்டு டக்ட். நேராகக் கொக்கியில் மாட்டினால் இரண்டு ஓரமும் உள்ளே வாங்கிவிடும். அதனால் ஸ்பிரெடர் பீம் போட்டு, அதிலிருந்து கால்களைச் செங்குத்தாக இறக்கினார்கள். கொக்கியின் தாழ்ப்பாள் நாக்கு விழுந்திருக்கிறதா, ஷேக்கிளின் பின் முழுசாக ஏறியிருக்கிறதா என்று ஒரு பையன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

நாலு கால் ஸ்லிங் வைத்தால் நாலும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் இங்கே செல்லாது. விறைப்பான சுமையில் எதிரெதிர் மூலையிலிருக்கும் இரண்டு கால்கள் முழுப் பாரத்தையும் வாங்கிக்கொள்ள, மற்ற இரண்டும் ஆட்டத்தைத் தடுக்க மட்டுமே நிற்கலாம். அரைகுறையாகத் தளர்ந்து நிற்கும் காலைத் தட்டிப் பார்த்தாலே தெரியும்.

டக்டை லாரிக்கு ஏற்றும் வேலை மத்தியானத்துக்கு மேல் தொடங்கியது. கிரேனுக்குச் சைகை காட்டுபவர் ஒருவர்தான். ‘ஹாபிஸ்’ என்றால் ஏற்று, ‘ஆரியா’ என்றால் இறக்கு. துறைமுகத்திலிருந்து வந்த இந்த வார்த்தைகள் ஜார்கண்ட் பையனுக்கும் ஒடிசா பையனுக்கும் துவாக்குடிக்காரருக்கும் ஒன்றுபோலப் புரிகின்றன. இரைச்சலில் அதுவும் கேட்காது என்பதால் கை அசைவு. மற்றவர்கள் யாரும் ஆபரேட்டருக்குக் கை காட்டக் கூடாது. ஒரு விதிவிலக்கு உண்டு: ‘நிறுத்து’ என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். காட்டிய மறுகணம் நின்றாக வேண்டும்.

டக்ட் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியதும் நிறுத்தினார்கள். எப்போதும் அப்படித்தான், சுமை சாய்கிறதா என்று அங்கே பார்த்துவிட வேண்டும். பிறகு மறுபடி ஏறத் தொடங்கியபோது சுமை ஆடாமலிருக்கக் கட்டிய வால்கயிற்றைப் பிடித்திருந்த ஒடிசாப் பையன் இரண்டு கைகளையும் விரித்து “ரோக்கோ” என்று கத்தினான். கிரேன் நின்றது. டக்டின் விளிம்பில் பெல்ட் ஸ்லிங்குக்கு அடியில் வைத்திருந்த காப்பு, அதாவது நெடுக்காக அறுத்த பைப்புத் துண்டு, நழுவிக்கொண்டிருந்தது.

பாலியெஸ்டர் பெல்ட் லேசானது, பெயின்ட்டைக் கீறாது, நிறத்தைப் பார்த்தே கொள்ளளவு சொல்லலாம்: ஊதா ஒரு டன், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று. அன்றைக்குப் போட்டிருந்தது பச்சை. ஆனால் கூரான தகட்டு விளிம்பில் பாரத்தோடு அது அரை அங்குலம் வழுக்கினால் போதும். ரோப்பைப்போலக் கம்பி கம்பியாக அறுந்து எச்சரிக்காது.

லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். சூப்பர்வைசருக்கு முகம் சுளித்தது. “சும்மா சும்மா நிறுத்தினா லோடு எப்பப் போறது?” என்றார். மேஸ்திரி பதில் சொல்லவில்லை. டக்டை இறக்கவைத்து, காப்பை மறுபடி வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டச் சொன்னார். பையனைப் பார்த்து ‘அச்சா’ என்று ஒரே வார்த்தை.

எனக்கு அன்றைக்குப் பட்டது இதுதான். சுமைக்கு மிக அருகில் நிற்பவன்தான் முதலில் பார்க்கிறான். பட்டறையிலேயே குறைந்த கூலியும் அவனுக்குத்தான், மொழி தெரியாதவனும் அவன்தான். நிறுத்தச் சொல்லும் உரிமையை விதி அவனுக்குக் கொடுத்திருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் ஏச்சு விழுமா என்பதை விதி கவனிப்பதில்லை. மேஸ்திரியின் திறமை ரோப்பைப் பார்ப்பதில் பாதி என்றால், அந்தப் பையனுக்கு விழவேண்டிய ஏச்சைத் தன் பக்கம் வாங்கிக்கொள்வதில் மறுபாதி. பின்னதற்குப் பயிற்சி வகுப்பு எங்கும் நடப்பதாகத் தெரியவில்லை.

காகிதம் இல்லாமலில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 29-ஆம் பிரிவில், தூக்குச் சாதனங்களையும் சங்கிலி, ரோப்களையும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும், தூக்கக்கூடிய எடையைத் தெரியும்படி குறிக்க வேண்டும் என்றது. அலுவலக அறையில் சான்றிதழ்கள் உறை போட்டுப் பத்திரமாக இருந்தன. சோதனைக்கு மறுநாள் வெல்டிங் பொறி விழுந்த பெல்ட்டைப் பற்றி அடுத்த ஆண்டுவரை அந்தத் தாளுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

யார்டில் ஹைட்ரா ஓடுவதைப் பார்த்தபோது நிம்மதியாக இல்லை. சுமையைத் தொங்கவிட்டபடியே நகரும் வண்டி அது. முன்னால் தொங்குவது டிரைவரின் பார்வையை மறைக்கும். சுமை ஆடாமலிருக்க உதவியாள் அதைக் கையால் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடப்பான், கால் தடுக்கினால் சக்கரம். இந்தியாவில் பல பெரிய நிறுவனங்கள் தங்கள் வேலையிடங்களில் ஹைட்ராவைத் தடுத்தோ கட்டுப்படுத்தியோ வைத்திருப்பதற்குக் காரணம் இந்த நடைதான். இந்தப் பட்டறையில் நீளமான வால்கயிறு கட்டித் தள்ளி நடக்கிறார்கள். எல்லா நாளும் அப்படித்தானா என்று கேட்டேன். “நீங்க வந்த நாள்ல அப்படித்தான்” என்று சிரித்தார் டிரைவர். அந்த நேர்மைக்காகவே அவரைப் பிடித்துப்போனது.

சாயங்காலம் மேஸ்திரி காலையில் ஒதுக்கிய இரண்டு ஸ்லிங்குகளையும் கேஸ் கட்டர் வைத்திருந்தவரிடம் கொண்டுபோனார். கண் இரண்டையும் வெட்டி, நடுவில் மூன்று துண்டாக்கச் சொன்னார். முழுசாகப் பழைய இரும்புக் கடைக்குப் போனால், கிரீஸ் பூசிக்கொண்டு வேறு பட்டறைக்கு வந்துவிடும் என்பது அவர் அனுபவம். ஸ்டோர்காரர் ஓடிவந்தார். புது ஸ்லிங்குக்கு இன்னும் ஆர்டரே போடவில்லை, நாளைக்கு எதை வைத்துத் தூக்குவது, முறுக்கு விழுந்ததையாவது விட்டுவைத்திருக்கலாமே, ரிஜிஸ்டரில் என்ன காரணம் எழுதுவது என்று அடுக்கினார்.

“அது இருந்தா நாளைக்கு அதைத்தானே எடுப்பீங்க” என்றார் மேஸ்திரி. “ஆர்டர் வர்றவரைக்கும் கனமான பீஸ் எதையும் நகத்த வேணாம். காரணம் கேட்டா நான் வெட்டினேன்னு எழுதிக்கங்க.”

ஸ்டோர்காரர் எழுதினார். கையெழுத்தும் கேட்டார். மேஸ்திரி கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுப் போட்டார்.