நமுத்த நெருப்பு

நெருப்புக்கு நம் கவிதையில் பஞ்சமில்லை. கோபமென்றால் நெருப்பு, காமமென்றால் நெருப்பு, ஞானமென்றாலும் அதுவேதான். எழுதுகிறவர் நினைத்த மாத்திரத்தில் பற்றிக்கொள்கிறது. எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் எரிகிறது. பற்ற மறுத்த நெருப்பைப் பற்றிப் படித்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விடியற்காலை சமையலறையில் நின்றவர்களுக்கு இந்தச் சௌகரியம் கொஞ்சம் சந்தேகத்துக்குரியதாகத்தான் படும்.

நமுத்துப்போதல் என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. அப்பளம் நமுக்கும், முறுக்கு நமுக்கும், எடுத்துவைத்த பட்டாசு நமுக்கும், தீப்பெட்டி நமுக்கும். நனைவது வேறு, இது வேறு. நனைந்த பொருள் தன் நிலையைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. நமுத்தது பார்வைக்குப் பழையபடியே இருக்கும். கடித்தால், உரசினால்தான் தெரியும். வாய்க்கும் விரலுக்கும் மட்டும் தெரிந்த ஒரு தோல்விக்கு இவ்வளவு துல்லியமாகப் பெயர் வைத்தவர்கள் அடுப்படியில் இருந்தவர்கள். கவிதைக்குள் இந்தச் சொல் அதிகம் வரவில்லை.

தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டையும் இப்படிப் பிரித்து வைக்கும் யோசனைக்கு 1844இல் ஸ்வீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ் காப்புரிமை பெற்றார். இரண்டு மருந்தையும் பிடித்து வைத்திருப்பது பசை. ஈரம் பசையை இளக்குகிறது. உரசும்போது சூடு பிறப்பதற்குப் பதில் மருந்து குழைந்து உதிர்கிறது. சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு அந்தக் கரிசல் பூமியின் வறட்சியும் ஒரு காரணம். மழை பொய்க்கும் ஊரில் செய்த நெருப்பை மழை பெய்யும் ஊரில் உரசிப் பார்க்கிறோம்.

காஸ் லைட்டரில் குச்சியும் இல்லை, மருந்தும் இல்லை. உள்ளே சுட்டெடுத்த ஒரு பீங்கான் துண்டு. ஸ்பிரிங் விசையில் ஒரு சிறு சுத்தி அதை அறைகிறது. அறைபட்ட கணத்தில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் பிறந்து, முனையிலிருந்து சுற்றியுள்ள குழாய்க்குப் பொறியாகத் தாவுகிறது. அழுத்தினால் சில படிகங்களில் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் கண்டு சொன்னவர்கள் ழாக் க்யூரி, பியேர் க்யூரி சகோதரர்கள். மேல்நாடுகளில் வீட்டுப் பின்புறத்தில் வைத்து இறைச்சி வாட்டும் காஸ் அடுப்புகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். மழையில் அவையும் ஊமையாகிவிடுகின்றன.

ஈரக்காற்று பொறியை அணைத்துவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முனையைத் தாங்கும் காப்பின் மேல், ஏற்கனவே படிந்த எண்ணெய்ப் பிசுக்கோடும் கரியோடும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று உண்டாகிறது. மின்சாரத்துக்குக் காற்றைத் தாண்டுவது கஷ்டமான வழி. இந்தப் படலம் சுலபமான வழி. சுலபமான வழியில் வழிந்து போய்விடுகிறது. சத்தம் மட்டும் மாறாமல் கேட்கிறது. டக், டக்கென்று சுத்தி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. நம் பக்கங்களில் வெளியாகும் சில கவிதைகளைப் படிக்கும்போது இந்தச் சத்தம்தான் எனக்குக் கேட்கிறது என்று சொன்னால் நண்பர்கள் வருத்தப்படக்கூடாது.

ஆனால் கவிதை பற்றாவிட்டால் யாருக்கும் சேதமில்லை. அடுப்பு விஷயம் அப்படியல்ல. லைட்டர் தட்டிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் குமிழ் திறந்திருக்கிறது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவித் தேங்கும். காற்றில் சுமார் இரண்டு சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். மழைக்கென்று ஜன்னல்களையும் சாத்தி வைத்திருப்போம். பத்தாவது தட்டில் பொறி வந்தால், அது பற்றவைப்பது பர்னரை மட்டுமல்ல.

இதற்கெல்லாம் ஒரு முன்னெச்சரிக்கை செய்திருக்கிறார்கள். தனக்கென்று வாசனையில்லாத அந்த வாயுவில், அழுகிய முட்டைக்கோஸ் போல நாறும் மெர்காப்டனைக் கலந்து அனுப்புகிறார்கள். மூக்கை நம்பிச் செய்த ஏற்பாடு. என் அம்மாவுக்கு 2021இல் கொரோனா வந்துபோன பிறகு வாசனை தெரிவதில்லை. பெருங்காயமும் தெரியாது, காஸும் தெரியாது. கட்டைவிரல் மூட்டும் வீங்கியிருக்கிறது. லைட்டரை அழுத்த இரண்டு கையும் வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த நாட்களில் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. மின்னடுப்பு வெறும் பலகையாகக் கிடந்தது. அம்மா காஸ் அடுப்புக்குத் திரும்பினாள். லைட்டர் தட்டினாள். பொறி இல்லை. மூன்றே தட்டு, குமிழை மூடினாள். கொல்லைக் கதவைத் திறந்து, சாரல் உள்ளே அடிக்க அடிக்க அப்படியே நின்றாள். பிறகு பர்னர் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்தாள், லைட்டர் முனையைத் துடைத்தாள். மறுபடி மூன்று தட்டு.

"நான் பத்தவைக்கட்டுமாம்மா?"

"நீ போய் வேலையப் பாரு. மூணு தட்டுக்கு மேல தட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா?"

மூக்கு போன இடத்தில் அவள் ஒரு எண்ணிக்கையை வைத்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. அடுப்படியை விட்டுக் கொடுக்க மனமில்லாத ஒருத்தி தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. இரண்டாம் சுற்றில் நீலமாகப் பற்றியது. அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. பாலை வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

இதில் பரம்பரை ஒன்று இருக்கிறது. அவளுடைய அம்மா, விறகடுப்புக் காலத்தில், மழை நாட்களில் ராத்திரிச் சமையல் முடிந்ததும் கங்குகளை ஒரு மூலைக்கு ஒதுக்கிச் சாம்பலால் மூடிவிட்டுப் படுப்பாளாம். விடிந்ததும் சாம்பலை விலக்கி ஊதுகுழலால் ஊதினால் கங்கு கண் திறக்கும். தப்பிவிட்டால் பக்கத்து வீட்டுக்கு ஒரு வரட்டியோடு ஓட வேண்டியது வீட்டுப் பெண் குழந்தை. நீறு பூத்த நெருப்பு என்று இன்று மேடையில் அடக்கிவைத்த கோபத்துக்குச் சொல்கிறோம். அது ஒரு கோபமும் அல்ல. நாளைக் காலை கஞ்சிக்கான முன்யோசனை. படிமமாக நாம் எடுத்துக்கொண்டபோது அந்தக் கையை விட்டுவிட்டு நெருப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நெருப்பை எழுதக் கூடாதென்று நான் சொல்லவில்லை. எந்த மாதத்தில், எந்த விறகில், யார் கையால் பற்றியது என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது வரியில் வர வேண்டுமென்பதில்லை. தெரியாமல் எழுதியது படிக்கிற விரலுக்கு நமுத்திருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் லைட்டர் அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. ஈரத்தை அரிசி வாங்கிக்கொள்ளும் என்கிறாள் அம்மா. கூடவே, மெழுகு தடவிய தீக்குச்சிகள் இருபது, இறுக மூடிய ஒரு கண்ணாடிப் புட்டியில். பெட்டியின் பக்கத்தையும் வெட்டி உள்ளே போட்டிருக்கிறாள்.