கனிகளுக்கு முன்னே கேட்கப்பட்ட துஆ



2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் காயல்பட்டினத்திலிருந்து ரியாத் நகருக்குக் குடும்பமாக வந்து சேர்ந்தோம். பிள்ளைகளின் வாப்பா அதற்கு முன்பே எட்டு ஆண்டுகள் இங்கே தனியாகப் பணிபுரிந்தவர். ஊதியம் சற்று உயர்ந்து, குடும்ப விசாவுக்குத் தகுதி கிடைத்தவுடன், பிரிந்து வாழ்ந்தது போதும் என்று முடிவு செய்தோம். அல்ஹம்துலில்லாஹ், அந்த முடிவுக்காக இன்றுவரை வருந்தியதில்லை. ஆனால் முதல் ஐந்து மாதங்களில் நாங்கள் செய்த ஒரு தவறை, புதிதாகப் புறப்படும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற நிய்யத்தில் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் ஊரின் வழக்கம் பலருக்கும் தெரிந்திருக்கும். திருமணத்திற்குப் பின்னும் பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் பெண்வீட்டிற்கு வருவார். தெருவுக்கு வராமலே வீடு விட்டு வீடு செல்லப் பெண்களுக்கென்று முடுக்குகள் உண்டு. தைக்காவுக்கும் பெண்கள் மதரஸாவுக்கும் அந்த வழியேதான் நடந்து பழகினோம். உம்மாவும் லாத்தாவும் பெரியம்மாவும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். தனியாக ஒரு குடும்பம் நடத்துவது என்றால் என்னவென்று நாற்பதை நெருங்கும் வயதிலும் அறியாமல் இருந்தோம் என்பதே உண்மை.

ரியாதில் மலஸ் பகுதியில், பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் வீடு அமைந்தது. ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்து உள்ளே நுழைந்தால், வெறும் சுவர்களே வரவேற்றன. அடுப்பு, அலமாரி, மின்விளக்கு, திரைச்சீலை என்று எல்லாவற்றையும் நாங்களே வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. வெயிலைத் தடுப்பதற்காக முன்பு குடியிருந்தவர்கள் ஜன்னல் கண்ணாடிகளில் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தார்கள். அதனால் பகலா இரவா என்பதைப் பாங்கோசையைக் கொண்டுதான் அறிந்தோம். வெளியே 45 டிகிரி வெப்பம். உளூச் செய்யக் குழாயைத் திறந்தால் கையைச் சுடும் நீர்.

பிள்ளைகளின் கேள்விகள் முதலில் தொழுகையைப் பற்றியே எழுந்தன. ஊரில் மேற்கிலிருந்து சற்று வடக்கே திரும்பித் தொழுதவர்கள், இங்கே மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே திரும்பினார்கள். ஸுப்ஹுத் தொழுகையில் இமாம் குனூத் ஓதவில்லையே என்று மகன் கேட்டான். மத்ஹபுகளின் வேறுபாட்டை ஊரில் கிதாபைத் திறந்து வைத்துப் பாடமாக நடத்தியிருக்கிறோம். இங்கே அதைச் சாப்பாட்டு விரிப்பில் அமர்ந்து ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல வேண்டியதாயிற்று.

அந்நாட்களில் ஒவ்வொரு தொழுகைக்கும் கடைகள் அடைக்கப்படும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம். வாரத்தில் ஒருநாள் அதற்குள் குடும்பத்தின் கடைவேலை முடிந்தாக வேண்டும். மற்ற நாட்களில் பிள்ளைகளின் வாப்பா பணிக்குச் செல்வார். மூத்தவர்கள் இருவரும் ஸுப்ஹுக்குப் பின் சிறிது நேரத்தில் பள்ளிப் பேருந்தில் ஏறிவிடுவார்கள். கடைக்குட்டியும் தாயும் நான்கு சுவர்களும் மட்டும் எஞ்சுவோம். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், ஒரு குறையும் இல்லை என்றே சொல்லி வந்தோம். குறை என்று பெயர் சொல்ல ஒன்றும் இல்லைதான். அரிசி இருந்தது, தண்ணீர் இருந்தது, குளிர்சாதனம் இருந்தது. ஆனாலும் அஸருக்குப் பின் காரணமில்லாமல் அழுகை வந்தது. அதை நன்றிகெட்ட தனம் என்று எண்ணி, இஸ்திஃபார் செய்துகொண்டு மறைத்தோம்.

ஐந்தாம் மாதத்தில், ஒரு குளிர்கால இரவில், மூன்று வயது மகனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. பிள்ளைகளின் வாப்பா இரவுப் பணியில் இருந்தார். பணி நேரத்தில் கைப்பேசியை உடன் வைத்திருக்க அங்கே அனுமதியில்லை. அவசர உதவிக்கு அழைத்தாலும் முகவரியை எப்படிச் சொல்வது? குர்ஆனின் அரபியை இருபது ஆண்டுகள் ஓதிக்கொடுத்த நாவில், தெருவின் பெயரைச் சொல்லும் அரபி அன்று வரவில்லை. மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, மூத்த மகளின் கையைப் பற்றியபடி மாடிப்படி ஏறி, மேல்வீட்டுக் கதவைத் தட்டினோம். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. இடையில் இருந்தவை பதினான்கு படிகள்.

கதவைத் திறந்தவர் இலங்கையின் அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு ராத்தா. எங்கள் தமிழைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. கணவரை எழுப்பி, அபாயாவை அணிந்துகொண்டு, எங்களுடன் அவரும் மருத்துவமனைக்கு வந்தார். விடியும்வரை உடனிருந்தார். அல்லாஹ்வின் அருளால் மகனுக்குக் காய்ச்சல் இறங்கியது. வீடு திரும்பும் வழியில் அவர் சொன்னார்: “கீழ ஆக்கள் இருக்கிற எண்டு தெரியும். நீங்க ஆரோடயும் சேராத ஆக்கள் எண்டு நினைச்சம்.”

நாங்களும் அவர்களைப் பற்றி அப்படியேதான் நினைத்திருந்தோம்.

அன்று ளுஹா தொழுதுவிட்டு அமர்ந்திருந்தபோது, ஹாஜர் அம்மையாரின் (அலை) வரலாறு நினைவுக்கு வந்தது. மதரஸாவில் பெண்பிள்ளைகளுக்கு அதை எத்தனையோ முறை கற்பித்திருக்கிறோம். கணவர் விட்டுச் சென்ற ஒரு பை பேரீத்தம்பழம், ஒரு தோல்பை நீர், இது அல்லாஹ்வின் கட்டளையா என்று அம்மையார் கேட்டது, ஆம் என்றதும், அப்படியானால் அவன் எங்களைக் கைவிட மாட்டான் என்று திரும்பி நடந்தது, ஸஃபா, மர்வா, ஸம்ஸம். பெரும்பாலும் ஸம்ஸம் பொங்கிய இடத்தோடு பாடத்தை முடித்துவிடுவோம். தண்ணீர் கிடைத்துவிட்டது, துயரம் தீர்ந்துவிட்டது என்பது போல.

ஆனால் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹுல் புகாரியில் வரும் அந்த அறிவிப்பு அங்கே முடியவில்லை. வட்டமிடும் பறவையைக் கண்ட ஜுர்ஹும் கூட்டத்தார், அங்கே நீர் இருக்கிறது என்று உணர்ந்து வருகிறார்கள். தங்கிக்கொள்ளலாமா என்று அம்மையாரிடம் அனுமதி கேட்கிறார்கள். தண்ணீரில் உங்களுக்கு உரிமை இல்லை என்ற நிபந்தனையோடு அம்மையார் சம்மதிக்கிறார்கள். அது இஸ்மாயீலின் தாயாருக்கு உவப்பாக அமைந்தது, ஏனெனில் அவர்கள் மனிதத் துணையை விரும்பினார்கள் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் அவ்விடத்தில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இருபது ஆண்டுகளாக அந்த வரியைக் கடந்து சென்றிருக்கிறோம். வானவர் வந்து நீர் சுரந்த பின்னும், அந்தத் தவக்குல் நிறைந்த உள்ளம் மனிதர்களைத் தேடியது. அது ஈமானின் குறைவென்று யாரும் சொல்லவில்லை. அப்படியிருக்க, எங்கள் அஸர் நேரத்து அழுகையை நன்றிகேடு என்று நாங்களே ஏன் தண்டித்துக்கொண்டோம்?

இப்றாஹீம் (அலை) அவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் கேட்ட துஆவையும் மீண்டும் எடுத்து ஓதிப் பார்த்தோம். 14ஆம் அத்தியாயத்தின் 37ஆம் வசனம் அது. விளைச்சலற்ற நிலத்தில் குடும்பத்தைக் குடியமர்த்தியதைச் சொல்லி, அவர்கள் தொழுகையை நிலைநாட்டுவதை முதலில் குறிப்பிடுகிறார்கள். அடுத்து, மக்களின் உள்ளங்கள் அவர்களை நாடும்படி ஆக்குமாறு வேண்டுகிறார்கள். கனிகளை உணவாகக் கேட்பது அதற்கும் பிறகுதான். வளைகுடாவுக்கு வரும் நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். வேலை, வீடு, வாகனம் எல்லாம் கணக்கில் முன்னே நிற்கின்றன. மனைவிக்கும் மக்களுக்கும் அங்கே மனிதர்கள் உண்டா என்ற கேள்வி கணக்கிலேயே வருவதில்லை. பிள்ளைகளின் வாப்பாவைக் குறை கூற இதை எழுதவில்லை. எட்டு ஆண்டுகள் தனிமையிலேயே பழகியவருக்கு, குடும்பம் வந்து சேர்ந்ததே துணையாகப் போதுமானதாக இருந்தது. இதைப் படித்துக் காட்டியபோது, எழுதுங்கள் என்று சொன்னவரும் அவர்தான்.

அதன் பிறகு பதினான்கு படிகளும் எங்களுக்கு முடுக்காயின. கோடையில் சுடுநீர்க் கொதிகலனின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, சுடுநீர்க் குழாயைத் திறந்து உளூச் செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அந்த ராத்தாவே. மொட்டைமாடித் தொட்டியின் நீர் வெயிலில் கொதிக்கும்; வீட்டுக்குள்ளிருக்கும் கொதிகலனில் தேங்கிய நீரோ குளிர்ந்திருக்கும். இந்த ஊரில் ஆறு கிடையாது. சுமார் 400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வளைகுடாக் கடலின் நீரை ஜுபைலில் நன்னீராக்கிக் குழாய் வழியே கொண்டு வருகிறார்கள் என்பதையும் அவர் கணவர் மூலமே அறிந்தோம். கடலோரத்தில் பிறந்த நாங்கள், கடலைக் குடித்துக்கொண்டிருக்கிறோம் என்று பிள்ளைகள் வியந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் எங்கள் கூடத்தில் பெண்கள் சிலர் அமர்ந்து ஸூரத்துல் கஹ்ஃப் ஓதலானோம். பிள்ளைகளுக்குக் குர்ஆனும் தமிழ் எழுத்தும் கற்பித்தோம். மூன்று பிள்ளைகளோடு தொடங்கியது, ஓராண்டில் பதினொரு பிள்ளைகளாயிற்று. இஸ்மாயீல் (அலை) அவர்கள் அரபி கற்றது ஜுர்ஹும் அண்டையரிடமிருந்துதான் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, எங்கள் கடைக்குட்டி அக்கரைப்பற்றுத் தமிழில் ஏதோ பதில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

2017 ஜூலையில், உடன் வசிக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் நூறு கூடி, 2020இல் 400 ரியால் ஆகும் என்றும் அறிவிக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் நான்கு பேர். மாதம் 400 ரியாலில் தொடங்கி 1600 ரியாலில் வந்து நிற்கும். அப்போது இகாமாவைப் புதுப்பிக்கும்போது ஓராண்டுக்கு உரியதை முன்கூட்டியே செலுத்தவும் வேண்டியிருந்தது. பல இரவுகள் தாளும் பேனாவுமாக அமர்ந்தோம். எத்தனையோ குடும்பங்கள் ஊர் திரும்பின. அவரவர் சுமையை அவரவரே அறிவர். திரும்பியவர்கள் தவறு செய்தார்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். நாங்கள் வாகனத்தை விற்றோம், ஊரில் வீட்டை விரித்துக் கட்டும் எண்ணத்தைத் தள்ளிவைத்தோம், தங்கினோம். மேல்வீட்டு ராத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள். 2018 நோன்புப் பெருநாளுக்குப் பின் அவர்கள் புறப்பட்டார்கள். விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்து, பூட்டிய கதவுக்கு முன் சற்று நேரம் நின்றோம்.

சில மாதங்கள் கழித்து, மேலே பெட்டிகளை இழுக்கும் ஓசை கேட்டது. யார், எந்த நாட்டார், எந்த மொழியினர் என்று தெரியாது. குழம்பில் சற்றுத் தண்ணீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்குக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் செய்த உபதேசம் நினைவுக்கு வந்தது. அன்று மாலையே ஒரு பாத்திரம் கஞ்சியும் ஒரு தட்டுப் பேரீத்தம்பழமும் எடுத்துக்கொண்டு படியேறினோம். கதவைத் திறந்தவர் ஹைதராபாதைச் சேர்ந்த ஓர் இளம் தாய், இடுப்பில் கைக்குழந்தை. எங்கள் உர்தூ அரைகுறை. ஸலாம் மட்டும் இருவருக்கும் முழுமையாகத் தெரிந்திருந்தது. கொதிகலன் இரகசியத்தைக் கைச்சைகையிலேயே சொல்லிக்கொடுத்தோம்.

அயல்நாட்டில் குடியேறப் புறப்படும் அன்பான குடும்பத்தாரே, வீடு பார்க்கும்போது மேலும் கீழும் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன் ஒரு கதவையாவது தட்டி ஸலாம் சொல்லுங்கள். ஏற்கனவே குடியேறியிருப்பவர்களே, பெட்டி இழுபடும் ஓசை கேட்டால், அவர்கள் வரட்டும் என்று காத்திராதீர்கள். அவர்கள் யாரோடும் சேராதவர்கள் என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள்.

யா அல்லாஹ்! விளைச்சலற்ற நிலத்தில் உன் கலீலின் குடும்பத்தை நோக்கி மனித உள்ளங்களைத் திருப்பியவன் நீ. அந்நிய ஊர்களில் மூடிய கதவுகளுக்குப் பின் இருக்கும் எங்கள் சகோதரிகள் அனைவருக்கும் நல்ல அண்டை வீட்டாரைத் தந்தருள்வாயாக. எங்களையும் பிறருக்கு நல்ல அண்டை வீட்டாராக ஆக்குவாயாக. ஆமீன்.