பத்தாவது முறையும் கனிவாக

ஆவியின் கனிகள் என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதிய ஒன்பதில் தயவும் சாந்தமும் உண்டு. ஆலயத்தில் கேட்க எளிது, வீட்டில்தான் சோதனை.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளி இளைஞர் ஒருவரின் தோளில் கைவைத்துச் சிகிச்சையை விளக்கியபோது, அவர் குலுங்கி அழுதாராம். அதுவரை யாருமே அவரைத் தொடாமல் ஒதுக்கியிருந்தார்கள்.

என் மாமியாருக்கு மறதி நோய். "மணி என்னம்மா?" என்று காலைக்குள் பத்து முறை கேட்பார். பத்தாவது பதிலும் முதல் பதிலைப்போல் கனிவாக வர வேண்டும் என்பதே என் ஜெபம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் என் குரல் தானாகத் தணிகிறது. மணி அவருக்கு மறந்துவிடும். ஆனால், முகத்திலிருந்த பயம் குறைந்திருக்கும்.