ராவினது ராவினதுதான்

ஜி.என்.டி. சாலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டை நெருங்குமுன் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. பலகை கிடையாது. ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவர்கள் பலகையைப் பார்த்து வருவதில்லை.

நான் போனபோது மாஸ்டர் சிலிண்டரை வெளிச்சத்தில் சாய்த்து எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பந்தய வண்டிச் சாயலில் ஒன்று தயாராகிறது: ஃபைபர் முகப்பு, தாழ்ந்த ஹேண்டில், ஒற்றை சீட். காசிருந்தால் தோற்றம் வந்துவிடும். என்ஜின்தான் வேலை வாங்கும்.

1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்ற வண்டி. 98 சிசி, போர், ஸ்ட்ரோக் இரண்டும் 50 மில்லிமீட்டர், 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன். போர்ட்டை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் அது திறந்திருக்கும் அளவு நாலு டிகிரிக்கு மேல் கூடும். மேல் சுற்றில் பறக்கும், கீழே இழுவை செத்துவிடும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டாவது கியரில் ஊர்பவனுக்கு அது தண்டனை.

“ராவினது ராவினதுதான் சார், திரும்ப ஒட்ட முடியாது. அதான் மொதல்ல ஆளைப் பார்ப்பேன், அப்புறம்தான் சிலிண்டரு.”

மூலையில் ஒரு பையன் தகட்டைக் கூம்பாகச் சுருட்டி வெல்டிங் வைக்கிறான். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து நேராக இங்கே வருபவன். அவன் செய்வது பந்தய சைலன்சர். விரியும் கூம்பிலிருந்து திரும்பும் தாழ்வழுத்தம் மிச்சப் புகையை உறிஞ்சும். குறுகும் கூம்பில் மோதித் திரும்பும் அலை, வெளியே நழுவிய புதுக் கலவையை போர்ட் மூடுவதற்குள் உள்ளே தள்ளும். 9,000 சுற்றில் இது நொடிக்கு 150 முறை நடக்க வேண்டும். குழாயின் நீளம் பிசகினால் அலை தப்பான நேரத்தில் வந்து சேரும்.

கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் வால்டர் காடன் இந்த வித்தையைத் தேர்ச்சியாக்கினார். அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் மேற்கே தப்பி, சுசுகியில் சேர்ந்து, மறுவருடமே 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார். அன்று தொழில் ரகசியம். இன்று இந்தப் பையன் அதைத் தரையில் சாக்பீஸால் வரைந்து வெட்டுகிறான்.

மாஸ்டரின் காது பழகியது சோழவரத்தில். உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைச் சிறுவனாக வேலியோரம் நின்று பார்த்தவர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகு சத்தம் அங்கே போய்விட்டது. இந்தக் குழாயும் அங்கேதான் போக வேண்டும் என்பேன். ரோட்டில் மாட்டினால் அபராதம், அக்கம்பக்கத்துக்குத் தலைவலி. மாஸ்டர் மறுக்கவில்லை, சிரித்தார்.

வண்டிக்காரப் பையன் வந்தான். “ஒரு எம்எம் எடுத்துடுங்கண்ணா.”

“தினம் எங்க போற?”

“மாதவரம் வரைக்கும்.”

“அரை எம்எம் போதும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு பிளக்கைக் கழட்டி எடுத்துனு வா. கலரைப் பாத்துட்டு மீதியப் பேசலாம்.”