ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் சொந்த வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் வீட்டில் முதல் மாதம் முழுக்கக் கேட்பது, சுவரில் ஆணி இறங்கும் சத்தம். வாடகை வீட்டில் ஒரு காலண்டர் மாட்டவே ஹவுஸ் ஓனர் முகத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். இங்கே சாமி படத்துக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று, மறைந்த அப்பாவின் படத்துக்கு ஒன்று.

பால் காய்ச்சிய மறுநாளே வாழ்க்கை பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. சென்னையில் வேலை உள்ளவர் மின்சார ரயிலுக்கு ஓடுகிறார். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் வழியே சென்ட்ரலுக்குச் சுமார் 48 கிலோமீட்டர். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்தவர் பகலில் தூங்க, பிள்ளைகள் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு அழகான அக்கறை அது!

காகித வேலை மட்டும் முடிவதில்லை. பத்திரம் பதிந்தாலும் பட்டா, மின் இணைப்பு, வீட்டு வரி எல்லாவற்றிலும் பெயர் மாற்ற வேண்டும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மனைவி பெயரில் வாங்க இது நல்ல காரணம். இந்தச் சலுகை இல்லாவிட்டாலும் வாங்கலாம்.

அப்புறம் தண்ணீர். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுக் கவலை. மழைநீர்ச் சேகரிப்பை 2003-லேயே தமிழக அரசு கட்டாயமாக்கியது. புது வீட்டுக்காரர்களே, ஐப்பசி மழைக்கு முன் மொட்டை மாடியைப் பெருக்கி, குழாய் அடைப்பை எடுத்துவிடுங்கள்.